யார்கிட்ட கேட்டீங்க, மிஸ்?

உக்காருங்க மிஸ். அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. நாலு வருஷமா ஆபீஸ்ல சொல்லிட்டிருக்கேன், ஒரு ஆணி அடிக்க ஆள் வரல. இனிமே நீங்க சொல்லுங்க. புதுசா வந்தவங்க சொன்னா ஒருவேளை காதுல விழும்.

இந்தாங்க சாவி. பெரிய பீரோவுக்கு இது. சின்ன பீரோவுக்குப் பூட்டே கிடையாது, கொஞ்சம் தூக்கி இழுத்தா வரும். சார்ட் எல்லாம் கீழ இருக்கு. போஸ்டர் கலர்ல வெள்ளை மட்டும் நிக்காது. இதுங்க எதை வரைஞ்சாலும் அதுல வெள்ளையக் கலக்கும். கேட்டா மேகம்னு சொல்லும். கத்தரிக்கோல் பன்னண்டு, எண்ணி வாங்கிக்கங்க. செவன்த் பி-யில ஒருத்தன் இருக்கான், எதைக் குடுத்தாலும் திரும்பி வராது.

எனக்கா? இனிமே ஆக்டிவிட்டி இன்சார்ஜ். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு, இல்ல? ஏசி ரூம், தனி டேபிள், ஆண்டு விழா, போட்டி, நாடகம் எல்லாம் என் தலையில. கரஸ்பாண்டன்ட் சார் மேடையில வெச்சே சொன்னாரு, ஞானசௌந்தரி மிஸ் மாதிரி ஒருத்தர் நமக்குக் கெடைச்சது பாக்கியம்னு. பத்தொம்பது வருஷமா இந்த ரூம்ல குப்பை கொட்டுறேன், அன்னிக்குத்தான் அவருக்கு என் பேரே தெரியும்.

எதுக்காகக் குடுத்தாங்கன்னு யாராவது உங்ககிட்ட சொல்லுவாங்க. வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். மேல் தட்டுல நியூஸ் பேப்பர் சுத்தி ஒண்ணு இருக்கு பாருங்க, அதுவும் உங்க கைக்குத்தான் வரப்போகுது. இப்பத் தொடாதீங்க. வேன் நாலே முக்காலுக்கு. அதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவேன்.

போன வருஷம் எக்ஸிபிஷன். ஒரு கிளாஸுக்கு ஒரு நாடுன்னு பிரிச்சாங்க. சிக்ஸ்த்துக்கு ஜப்பான், காகிதம் மடிச்சுட்டு நிம்மதியா இருந்தாங்க. செவன்த்துக்கு ஆஸ்திரேலியா. பிரின்சிபல் ஒரு தாள் பிரின்ட் எடுத்துக் குடுத்தாங்க. அந்த நாட்டு ஆதிக்குடி மக்கள் மரப்பட்டையில வரையற ஓவியமாம். அதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணுமாம். பட்டைக்குப் பதிலா பழுப்புப் பேப்பரக் கசக்கி ஒட்டி, அதுல கலர் கலரா புள்ளி வெச்சாப் போதும்னு அந்தத் தாள்ல இருந்துச்சு.

நானும் பேசாம புள்ளி வெச்சிருக்கலாம். விதி. நமக்குத்தான் எதையும் அரைகுறையாச் செஞ்சா தூக்கம் வராதே. மூணு நாள் போன்ல உக்காந்து படிச்சேன் மிஸ். அந்த நாட்டுல வடக்குப் பக்கம் இருக்கவங்க மழைக்காலத்துல பட்டை உரிப்பாங்களாம், அப்பத்தான் லேசா வருமாம். உரிச்சதை நெருப்புல காட்டி, தரையில போட்டு, மேல கல்லு வெச்சு அழுத்தித் தட்டையாக்குவாங்களாம். கலரெல்லாம் மண்ணுதான். சிவப்பு மண்ணு, மஞ்ச மண்ணு, வெள்ளைக் களிமண்ணு, கருப்புக்கு அடுப்புக்கரி. இதெல்லாம் நம்ம புதுக்கோட்டைப் பக்கம் காலுக்கடியில கெடக்கு, கடைக்குப் போவானேன்?

பட்டைக்கு எங்க போறதுன்னு மீட்டிங்ல கேட்டேன். கரஸ்பாண்டன்ட் சாருக்கு ஒரே சந்தோஷம். நம்ம தோப்புலேயே எடுத்துக்கங்கன்னாரு. கூத்தன்விடுதியில அவருக்குத் தைலமரத் தோப்பு இருக்கு. நீங்க பஸ்ஸுல வரும்போது பாத்திருப்பீங்க, கேட்டுக்கு ரெண்டு பக்கமும் சிமென்ட் யானை நிக்கும். அந்த மரமும் ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்ததுதானே. அந்த நாட்டு மரத்துலேயே அந்த நாட்டு ஓவியம்னு சொன்னதும் பிரின்சிபல் கை தட்டினாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

பிள்ளைங்க ஒரு வாரம் பட்டையத் தண்ணியில ஊறப் போட்டு, செங்கல் ஏத்தி, காய வெச்சு, அது ஒரு திருவிழா. முப்பத்தெட்டுப் பிள்ளைங்க, முப்பத்தெட்டுப் பட்டை. வேப்பங்குச்சிய மென்னு பிரஷ் ஆக்கினோம். வேலம்பிசின் கரைச்சு மண்ணுல கலந்தோம். பொம்பளப் பிள்ளைங்க பாதி பேர் பட்டையக் கையில வாங்கின உடனே சிக்குக் கோலம் போட ஆரம்பிச்சுட்டாளுங்க. அடியே, மார்கழி இன்னும் வரலடின்னு அழிக்கச் சொன்னேன்.

நான் ரெண்டு விஷயம் சொல்லிக் குடுத்தேன் மிஸ். ரெண்டே ரெண்டு. அந்த ரெண்டும்தான் வினையாப் போச்சு.

ஒண்ணு, அவங்க மீன் வரைஞ்சா வெளிய தெரியற செதிலோட நிக்க மாட்டாங்க, உள்ள இருக்கற முள்ளு, குடல் எல்லாம் சேத்து வரைவாங்க. உடம்புக்குள்ள குறுக்கும் நெடுக்குமா சன்னமாக் கோடு இழுப்பாங்க. அதனால நீங்களும் கண்ணுக்குத் தெரியறதை மட்டும் போடாதீங்க, உள்ள இருக்கறதையும் போடுங்கன்னேன். பசங்க கொழம்பு மீனுன்னு சிரிச்சானுங்க.

இன்னொண்ணு, அங்க ஒவ்வொரு கதையும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். ஒருத்தர் கதைய இன்னொருத்தர் கேக்காம வரையக் கூடாது. கேக்காம எடுத்துச் சொல்லவும் கூடாது. அது அவங்களுக்கு ரொம்பப் பெரிய தப்பு. அதனால நீங்களும் யாரோட கதைய வரையப் போறீங்களோ அவங்ககிட்ட கேட்டுட்டு வாங்கன்னு சொன்னேன். சொல்லிட்டு நான் மறந்தே போனேன். கிளாஸ்ல சொல்றதையெல்லாம் இதுங்க எங்க கேக்குதுங்க?

ஒருத்தி கேட்டா. சிவரஞ்சனி. கடைசி பெஞ்சு, வாயே தொறக்காத பிள்ளை. நம்ம ரெண்டாம் நம்பர் வேன் ஓட்டுறாரே அடைக்கலம், அவரு மக. ஸ்டாஃப் பிள்ளைன்னு இங்க இடம் குடுத்திருந்தாங்க. நான் அந்த வேன்லதான் வருவேன். எனக்கு முட்டி வலி, மாடிப்படி எறங்கி வர லேட்டாகும். அடைக்கலம் எனக்காக ரெண்டு நிமிஷம் நிப்பாரு. மத்த வேனெல்லாம் ஹாரன் அடிச்சுக் கொல்லுவானுங்க, அவரு அடிக்க மாட்டாரு.

அவங்க ஊரும் கூத்தன்விடுதிதான். ஒரு நாள் வேன்ல அவரே சொன்னாரு. புள்ள வந்து, நம்ம புளியங்கண்மாயை வரையட்டுமாப்பான்னு கேட்டுச்சாம். எங்கிட்ட என்னத்தக் கேக்குற, கண்மாய் எனக்கு மட்டுமா சொந்தம், ஊர்ல போயிக் கேளுன்னாராம். அது உடனே பாவாடைய உதறிக்கிட்டுக் கெளம்பி, கண்மாய்க்கரையில இருக்கற நாலு வீட்லயும் ஏறி எறங்கிக் கேட்டுச்சாம். சொல்லிட்டு, என்னா டீச்சர் புள்ளைக்கு இப்படிச் சொல்லிக் குடுத்திருக்கீங்கன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

பட்டை வந்துச்சு மிஸ். முப்பத்தெட்டுல முப்பத்தேழு கங்காரு. ஒருத்தன் கங்காரு பைக்குள்ள டிபன் பாக்ஸ் போட்டிருந்தான், உள்ள இருக்கறதை வரையச் சொன்னீங்களே மிஸ்னான். அவனை என்ன செய்யறது? முப்பத்தெட்டாவதுதான் ரஞ்சனியோடது.

பட்டை முழுக்கத் தைலமரம். ஒவ்வொரு மரத்துக்குள்ளயும் தண்ணி. அந்தத் தண்ணிக்குள்ள கெண்டை, விரால், நண்டு, தவளை, எல்லாம் முள்ளு தெரிய. ஒரு மரத்துக்குள்ள குடம். ஒரு மரத்துக்குள்ள குளிக்கிற எருமை. அடியில கண்மாய். அதுக்குள்ள ஒண்ணும் இல்ல, வெறும் குறுக்குக் கோடுதான், வெடிச்ச மண்ணு மாதிரி. அவ்வளவு சன்னமான கோடு. எனக்கே கை அப்படி வராது மிஸ். இந்த ரூம்ல பத்தொம்பது வருஷத்துல அப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல.

அடியில எழுதியிருந்தா. 'புளியங்கண்மாய். எங்க ஊர்க் கதை. அப்பாகிட்டயும் நாலு வீட்லயும் கேட்டுட்டு வரைஞ்சது.' அவ்வளவுதான். பேரு கூடப் போடல.

கேட்டை மட்டும் போடாம இருந்திருக்கலாம். ஓரத்துல ஒரு கேட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு யானை. யானைக்குள்ளயும் தண்ணி.

தோப்பை ஒட்டின அந்தக் கண்மாய் வத்துனதுக்கு மரம் காரணமா, மழை காரணமான்னு என்னைக் கேக்காதீங்க. ஊர்க்காரங்க ஒண்ணு சொல்றாங்க, சார் ஒண்ணு சொல்றாரு. நான் டிராயிங் மிஸ். எனக்கு அது படமாத்தான் தெரிஞ்சுது, சத்தியமா. எக்ஸிபிஷனுக்கு மொத நாள் சாயங்காலம் வைஸ் பிரின்சிபல் ஜான்சிராணி மேடம் ரவுண்ட்ஸ் வந்தாங்க. அந்தப் பட்டைக்கிட்ட வந்து நின்னவங்க நகரல. டீச்சர், இது யாரு தோப்புன்னு மெதுவாக் கேட்டாங்க. அப்பத்தான் எனக்கே அந்த ரெண்டு யானையும் உறைச்சுது. நாளைக்குச் சார் பாக்கறப்ப இது இங்க இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

எடுத்துப் பீரோக்குள்ள வெச்சிருக்கலாம்னுதானே நினைக்கறீங்க? எனக்கு மனசு வரல. இருக்கறதுலயே நல்ல படம் அது ஒண்ணுதான். அதை எடுத்துட்டா முப்பத்தேழு கங்காருவ வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எடுக்காட்டி அடைக்கலத்தோட வேலை போகும், அந்தப் பிள்ளையோட சீட்டும் போகும். நான் யோசிச்சதெல்லாம் அதுதான் மிஸ். எனக்காக யோசிக்கல.

அதனால கரியத் தொட்டு ரெண்டு யானையையும் சரி பண்ணேன். தும்பிக்கைய வாலாக்கி, காதை நீட்டி விட்டா ரெண்டு கங்காரு. நாலு கோடுதான். அடியில அவ எழுதியிருந்ததுக்கு மேல ஒரு லேபிள் எழுதி, பசை போட்டு ஒட்டினேன். 'தாகப் பூதம் — ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளின் கதை.' அந்த நேரத்துல எங்கேர்ந்து வாயில வந்துச்சோ. அப்படி ஒரு பூதம் அங்க இருக்கா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

மறுநாள் காலையில ரஞ்சனி வந்தா. எல்லாப் பிள்ளைங்களும் அவங்கவங்க பட்டைக்குப் பக்கத்துல நிக்கணும்னு ஏற்பாடு. அவ லேபிளப் படிச்சா. யானையப் பாத்தா. என்னைப் பாக்கல. நான் கிட்டப் போயி, எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா, அப்புறமா சொல்றேன், யாராவது கேட்டா லேபிள்ல இருக்கறதைச் சொல்லுன்னேன். தலைய ஆட்டினா மாதிரிதான் இருந்துச்சு.

சீஃப் கெஸ்ட் ஒரு ரிட்டயர்டு கல்வி அதிகாரி அம்மா. சாரோட சேந்து வந்தாங்க. முப்பத்தேழு கங்காருவையும் தாண்டி நேரா இங்க வந்து நின்னுட்டாங்க. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுப் போட்டுப் பாத்தாங்க. இது என்ன கதைம்மான்னு ரஞ்சனியக் கேட்டாங்க. சார் என் பக்கத்துலேயே நிக்கறாரு, சென்ட் வாசனை அடிக்குது.

"எனக்குத் தெரியாது மேடம். இது எங்க மிஸ்ஸோட கதை"ன்னா.

அப்புறம் நான்தான் சொன்னேன். ஒரு காலத்துல ஒரு பூதம் இருந்துச்சு, அதுக்குத் தீராத தாகம், ஆத்தையெல்லாம் குடிச்சு மரத்துக்குள்ள ஒளிச்சு வெச்சுது, கங்காருவெல்லாம் காவல் நின்னுச்சு, அப்புறம் ஊரெல்லாம் சேந்து ஆடிப் பாடினதும் பூதம் மனசு எறங்கித் தண்ணிய விட்டுருச்சுன்னு. நல்லாவே சொன்னேன் போல. அந்த அம்மா கைதட்டினாங்க. சார் அந்த மரங்களையெல்லாம் தடவித் தடவிப் பாத்தாரு மிஸ். நம்ம தோப்புப் பட்டைதான் மேடம்னு அவங்ககிட்ட பெருமையாச் சொன்னாரு. அவருக்கு ஒண்ணும் தெரியல. பக்கத்துல ரஞ்சனி நிக்கறா.

ஃபர்ஸ்ட் பிரைஸ். பேரு கூப்பிட்டாங்க, அவ வரல. பாத்ரூம் போயிருக்கான்னு சொல்லி நான் வாங்கினேன். அந்த மேடையிலதான் சார் என்னைப் பாக்கியம்னு சொன்னாரு.

கடைசியில எல்லாரும் போனப்புறம் இங்க வந்தா. அந்தா, அந்த வாசல்லதான் நின்னா. உள்ள வரல. நான் பிரைஸ் கப்பை நீட்டினேன், வாங்கல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா.

"யார்கிட்ட கேட்டீங்க, மிஸ்?"

நான் என்ன நினைச்சேன்னா, பூதம் கதைய எங்க கேட்டீங்கன்னு கேக்கறாளாக்கும்னு. பிள்ளைக்கு ஆர்வம்னு நினைச்சுட்டேன். இன்டர்நெட்லதாம்மா கேட்டேன்னேன். அப்புறம் சரி மிஸ்னு போயிட்டா.

எனக்கு எப்பப் புரிஞ்சுது தெரியுமா? ஒரு வாரம் கழிச்சு, மாவு அரைச்சுக்கிட்டிருக்கேன், கிரைண்டர் சத்தத்துல சட்டுனு. அவ அதையா கேட்டா? கண்மாய்க்கு நாலு வீடு ஏறி எறங்கினவ. நான் சொல்லிக் குடுத்ததைத்தான் என்னைத் திருப்பிக் கேட்டிருக்கா. கையில மாவோட அப்படியே நின்னேன்.

அதுக்குள்ள அரைப் பரீட்சை லீவு. லீவு முடிஞ்சு அவ வரல. டிசி வாங்கிட்டாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. கூத்தன்விடுதிக்கு அடுத்த ஊர் கவர்மென்ட் ஸ்கூல்ல சேந்துட்டாளாம். யாரும் அனுப்பல மிஸ், யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அவளேதான் போக மாட்டேன்னுட்டாளாம். நான் எதுக்காக அவ்வளவும் பண்ணேனோ அந்த சீட்டை அவளே வேண்டாம்னுட்டா. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஒரு படத்துக்காக யாராவது ஸ்கூலை விடுவாங்களா? சொல்லுங்க.

ஆனா அடைக்கலத்தோட வேலை போகல, பாத்துக்கங்க. அதைக் காப்பாத்தினது நான்தான். இன்னிக்கும் அதே வேன்தான். இன்னிக்கும் எனக்காக ரெண்டு நிமிஷம் நிக்கறாரு. பேசறதில்ல. குட்மார்னிங் சொன்னா தலைய ஆட்டுவாரு. காலையில ஏழே காலுக்குக் கூத்தன்விடுதி ஸ்டாப்பைத் தாண்டறப்ப அந்தப் பிள்ளை டவுன் பஸ்ஸுக்கு நிக்கும். அப்பன் வேன் மகளைத் தாண்டிப் போகும். அவரு ஸ்லோ பண்ணுவாரு, அது கையக் காட்டும். நான் ஜன்னல் பக்கம் உக்காரறதை விட்டுட்டேன்.

தப்புன்னு சொல்றீங்களா? நீங்க சொல்லல, உங்க மூஞ்சி சொல்லுது. நீங்க என் எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? வந்து ரெண்டு நாள்தானே ஆகுது, இருந்து பாருங்க.

பூதம் என்னை விடல. ஸ்கூல் மலர்ல ரெண்டு பக்கம் போட்டாச்சு. சின்னப் பிள்ளைங்க மனப்பாடமாச் சொல்லுதுங்க. இந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு ஃபோர்த் பிள்ளைங்க நாடகமாப் போடறாங்க. ஆஸ்திரேலியா மக்களோட கதைன்னு அவ்வளவு பேரும் நம்பிட்டாங்க. அந்த மக்கள் யாராவது ஒருத்தர் வந்து, எங்க கதைன்னு யாரு சொன்னதுன்னு கேட்டா நான் எங்க போய் முட்டிக்கறது? கண்மாய்க்காரங்க கதையையும் எடுத்தாச்சு, இல்லாத ஒண்ணை ஆஸ்திரேலியாக்காரங்க தலையில கட்டியாச்சு. களைப்பா இருக்கு மிஸ். வேற ஒண்ணும் இல்ல, களைப்பு. பூதத்துக்கு முகமூடி செய்யணும்னு சார் சொல்லியிருக்காரு. அது டிராயிங் டிபார்ட்மென்ட் வேலை, உங்களுதுதான்.

சரி, அதை எடுங்க. மெதுவா. பேப்பரப் பிரிங்க. ஓரம் உதிரும்.

பாத்தீங்களா. நான் சொன்னேன்ல.

இந்த லேபிளை எடுத்துடலாம்னு எவ்வளவோ பாத்துட்டேன். இந்த மூலைய லேசா இழுத்தேன், பட்டையோட சேந்து வந்துருச்சு, 'அப்பா'ங்கிறதுல 'அ' போச்சு. தண்ணி தொட்டா மண்ணு கரையும். உங்களுக்குக் காலேஜ்ல ஏதாவது சொல்லிக் குடுத்திருப்பாங்க, வழி தெரிஞ்சாச் சொல்லுங்க. யானைய என்னால திருப்பிப் போட முடியாது. கரிக்கு அடியில அவ கோடு இருக்கும், அது மட்டும் நிச்சயம்.

மணி ஆச்சு. வேன் கெளம்பற நேரம். ஹாரன் வராது, எனக்குத்தான் தெரியுமே.

அய்யோ, போனை எடுக்காதீங்க மிஸ். போட்டோ வேணாம். இல்ல இல்ல, கோவமில்ல, கீழ வைங்க. நீங்க கூத்தன்விடுதி வழியாத்தானே பஸ்ஸுல வர்றீங்க? காலையில ஏழே கால். ரெட்டை சடை, பச்சைப் பை. அவகிட்ட கேட்டுட்டு எடுங்க. இவ்வளவு நேரம் நான் அவ கதைய உங்ககிட்ட சொன்னதுக்கும் சேத்துக் கேட்டுடுங்க. எனக்குக் கேக்க வாய் வரல.